கமராவை எங்கே நிறுத்துவது?

நூல் வெளியீடு முடிந்த கையோடு பதுளை பசார் வீதியிலுள்ள தேநீர்க்கடை ஒன்றில் நாங்கள் ஐந்து பேர் கூடினோம். வெளியிடப்பட்ட நூலைப் பற்றிப் பேசுவதற்குத்தான் உட்கார்ந்தோம். ஆனால் எங்கள் ஊரில் இலக்கியக்காரர் கூடினால் வழமையாக நடப்பதுபோல, பிளேன்ரீ வருவதற்குள் பேச்சு சினிமாவுக்குப் போய்விட்டது. உலகின் ஆகச் சிறந்த திரைப்பட நெறியாளர் யார் என்று யாரோ கேட்டுவைத்தார்கள்.

மருந்துக்கடை நானா கொஞ்சமும் யோசிக்காமல் சத்யஜித் ரே என்றார். கணினிக்கடை வைத்திருக்கும் தம்பி அகிரா குரோசாவா என்றார். கவிதை எழுதும் நண்பர், மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்து கோடம்பாக்கம் போய்ச் சாதித்த பாலு மகேந்திராவை விட்டுவிட்டு ஜப்பானுக்கும் வங்காளத்துக்கும் ஏன் ஓடுகிறீர்கள் என்று சண்டைக்கு வந்தார். என் முறை வந்தபோது நான் ஈரானின் அப்பாஸ் கியாரோஸ்தமி என்றேன். விருதுகளின் பெயர்கள் வந்தன, ஆண்டுகள் வந்தன, குரல்களும் உயர்ந்தன.

ஐந்தாமவர் அதுவரை வாய் திறக்கவில்லை. பசறை வீதியில் ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்தில் பிறந்து, லயத்தில் படித்து, அந்த லயத்துப் பிள்ளைகளுக்கே முப்பது வருடம் படிப்பித்தவர். கடைசியில் அவர் கேட்டார்:

"நீங்க சொல்றவங்க எல்லாரும் பெரிய ஆளுங்கதான் சேர். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவங்கள்ல யாராவது ஒருத்தர் எங்க தோட்டத்துக்குப் படம் எடுக்க வந்திருந்தா, கமராவ எங்க நிப்பாட்டியிருப்பாரு?"

எங்களில் எவருக்கும் உடனே பதில் வரவில்லை. நானா சிரித்துச் சமாளித்தார். கூட்டம் கலைந்தது. ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. அதற்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

*

'பெரியவன்' என்ற சொல்லை நாம் நாளுக்கு ஐந்து வேளை பாங்கொலியில் கேட்கிறோம். அறபு மொழியில் 'அக்பர்' என்பது ஒப்பீட்டை உணர்த்தும் சொல். எதைவிடப் பெரியவன் என்று பாங்கு சொல்வதில்லை, சொல்லத் தேவையுமில்லை. மனிதரைப் பற்றிப் பேசும்போது அந்த வசதி நமக்குக் கிடையாது. எதில் பெரியவர், எவரைவிடப் பெரியவர், யாருடைய கண்ணுக்குப் பெரியவர் என்ற மூன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நம் விருப்பத்தை உலகத்தின் தீர்ப்பாக அறிவித்தவர்களாகிறோம்.

லண்டனிலிருந்து வரும் 'சைட் அன்ட் சவுண்ட்' சஞ்சிகை 1952ஆம் ஆண்டிலிருந்து பத்து வருடங்களுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து உலகின் சிறந்த படங்களை வரிசைப்படுத்துகிறது. முதல் வாக்கெடுப்பில் விற்றோரியோ டி சிக்காவின் 'சைக்கிள் திருடர்கள்' முதலிடம் பெற்றது. 1962இலிருந்து 2002வரை ஐந்து வாக்கெடுப்புகளிலும் ஓசன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' முதலிடத்தில் இருந்தது. 2012இல் ஹிட்ச்கொக்கின் 'வேர்ட்டிகோ' அதை இறக்கியது. 2022இல் பெல்ஜியத்துப் பெண் நெறியாளர் ஷன்டால் அக்கர்மன் 1975இல் எடுத்த 'ஜோன் டீல்மன்' முதலிடத்துக்கு வந்தது. அந்தப் படத்தில் ஒரு பெண் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறாள், கட்டிலை விரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள். வீட்டு வேலையை அது நடக்கும் அளவு நேரத்துக்கே காட்டியபடி மூன்று மணி நேரத்துக்கு மேல் படம் ஓடுகிறது.

சைக்கிளைப் பறிகொடுத்த ஒரு தொழிலாளியில் தொடங்கிய வரிசை, எழுபது வருடங்களின் பின் சமையலறையில் நிற்கும் ஒரு பெண்ணிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இடையில் அந்தப் படங்கள் மாறிவிடவில்லை. வாக்களித்தவர்கள் மாறினார்கள், எது பார்க்கத் தகுந்தது என்பதைப் பற்றிய அவர்களுடைய எண்ணமும் மாறியது. 'எல்லாக் காலத்துக்கும் சிறந்தவர்' என்று நாம் சொல்லும்போது உண்மையில் நம் காலத்தைப் பற்றித்தான் பேசுகிறோம்.

இன்னொன்றும் இருக்கிறது. வரிசைகள் எஞ்சியிருக்கும் படங்களையே எண்ணுகின்றன. 1983 ஜூலையில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. தமிழ்த் தொழிலதிபர் கே. குணரத்தினத்துக்குச் சொந்தமான அந்த இடத்தில் இந்நாட்டுப் படங்கள் பலவற்றின் மூலப் பிரதிகள் சாம்பலாயின. சிங்களப் படங்களை நெறிப்படுத்திய தமிழரான கே. வெங்கட் அதே கலவரத்தில் கொல்லப்பட்டார். எரிந்த படத்துக்கு எந்த விமர்சகர் வாக்களிப்பார்?

எடுக்கப்படாமலே போன படங்களும் உண்டு. சிறுவயதில் எனக்கொரு கூட்டாளி இருந்தான். எங்கள் வாப்பாவின் கடையில் கடனுக்குச் சாமான் வாங்கும் ஒரு தோட்டக் குடும்பத்துப் பையன். படமாளிகைக்குப் போவதற்கு எங்கள் வீட்டில் தடை. அவனோடு களவாகப் போய், கலரிப் பலகையில் இருந்து எம்.ஜி.ஆர். படங்களைப் பார்த்தேன். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அவன் குடும்பம் முதற் பங்கில் விழுந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் பதுளை ஸ்டேஷனில் அவர்கள் ரயில் ஏறினார்கள். தோட்டத்து மக்கள் அதை 'அழுகைக் கோச்சி' என்றே அழைத்தார்கள். ஏறியவர்கள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நின்றவர்கள் ரயிலைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ நாடுகளின் படங்களை நான் பார்த்துவிட்டேன். அந்த மேடையை ஒன்றிலும் பார்க்கவில்லை.

*

அதிபரின் கேள்விக்கு வருவோம். ரேயோ குரோசாவாவோ எங்கள் மலைக்கு வரவில்லை. ஆனால் தேயிலையைப் படமெடுக்கப் பெரிய கலைஞர்கள் வராமலும் இல்லை.

1934இல் இங்கிலாந்தின் பசில் ரைட் இலங்கைக்கு வந்து 'சோங் ஒஃப் சிலோன்' என்ற விவரணப் படத்தை எடுத்தார். ஜோன் கிரியர்சன் தயாரித்தார். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. பதினேழாம் நூற்றாண்டில் கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்த வாசகங்களை லயனல் வென்ட் தன் குரலில் வாசிக்கிறார். 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் முதற் பரிசு பெற்ற படம் அது. விவரணச் சினிமாவின் வரலாற்றை எழுதும் எவரும் அதைத் தாண்டிப் போவதில்லை. நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அழகான படம். 'வணிகத்தின் குரல்கள்' என்ற அதன் மூன்றாம் பகுதியில் சந்தை விலைகளும் கப்பல் அறிவிப்புகளும் ஒலிக்க, அவற்றின் கீழே இந்நாட்டு மனிதரின் உழைப்பு ஓடுகிறது. உழைப்புக்கு மேலே வணிகம் எப்படி ஏறி நிற்கிறது என்பதை அந்த ஒலியமைப்பே சொல்லிவிடுகிறது. தேயிலைச் சபையின் பணத்தில் அதைச் சொன்னது சிறிய காரியமல்ல.

ஆனாலும் கொழுந்து பறிக்கிறவர் தன் கதையைச் சொல்வதற்கு அந்தப் படத்தில் இடமில்லை. அவர் எங்கிருந்து வந்தார், எந்த லயத்துக்குத் திரும்பிப் போகிறார் என்று கமரா கேட்கவில்லை. ரைட்டின் கமரா மரியாதையானது. ஆனால் அது வீதியோரத்திலேயே நிற்கிறது. இதைக் குற்றமாகச் சொல்லவும் எனக்குத் தயக்கம்தான். ஏனெனில் வீதியோரத்தில் நிறுத்தப்பட்ட இன்னொரு கமராவுக்குப் பக்கத்தில் நானே நின்றிருக்கிறேன்.

1981இல் எனக்கு இருபத்துமூன்று வயது. ஆசிரியர் நியமனம் கிடைத்த புதிது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சிறு குழு தேயிலையைப் பற்றிப் படமெடுக்கப் போகிறதாம், ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஒருவர் தேவையாம் என்று யாரோ என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் வேலை. தோட்டத்தின் பெயர் இப்போது வேண்டாம்.

நமுனுகுல மலை பின்னால் தெரியவேண்டும் என்பதற்காகப் பாதையோரத்து மலையொன்றைத் தெரிந்தெடுத்தார்கள். பெண்களை நிரை பிடித்து நிற்க வைத்தோம். அவர்களில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார்: "நேத்துத்தான் இந்த மலைய எடுத்தோம் தம்பி. செடியில ஒண்ணும் இல்ல. இதுல என்னத்தப் பறிக்கிறது?"

எடுத்த மலையில் மறுபடி கொழுந்து வர ஒரு வாரமாவது வேண்டும் என்பது பதுளையில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. குழுத் தலைவரிடம் சொன்னேன். பறிப்பதுபோலச் செய்தால் போதும் என்றார். அதை நான் மொழிபெயர்த்தேன். பிறகு, முகங்கள் இறுக்கமாக இருக்கின்றன, கொஞ்சம் சிரிக்கச் சொல் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். அவர் கேட்காத ஒன்றையும் செய்தேன்: இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வைக்கச் சொன்னேன், அது படத்தில் அசிங்கமாகத் தெரியும் என்று நானே முடிவு செய்தேன். அந்த அம்மா சாக்கை அவிழ்த்து மடித்து வரப்பில் வைத்தார். சிரித்தார். வெறுஞ்செடியில் கையை ஓட்டினார்.

முடிந்ததும் அவர் கேட்டார்: "இந்தப் படத்த நாங்க எங்க போயிப் பாக்குறது தம்பி?"

அனுப்பிவைப்பார்கள் என்றேன். அப்படி எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு அவர்களுக்குச் செக்ரோலில் பேர் போட்டார்கள். அதாவது ஒரு நாள் சம்பளம். படத்தில் அவர்களுக்குப் பேர் இல்லை.

*

தோட்டத்துக்கு உள்ளேயிருந்து வந்த கமரா ஒன்றும் உண்டு. தொழிற்சங்கவாதியான வீ.பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' 1975இல் வெளிவந்தது. அதன் கதைக்கும் வசனத்துக்கும் பின்னால் இருந்தவர் எங்கள் மாவட்டத்தின் தோட்டமொன்றில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப். படிப்பித்த தோட்டத்தின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டவர். 2022இல் காலமானார். அவரது சிறுகதைகளில் கமரா எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. அது இஸ்தோப்பில் குந்தியிருக்கிறது. அடுப்புப் புகை அதன் கண்ணில் படுகிறது.

ஆனால் தேநீர்க்கடைப் பட்டியலில் எங்களில் ஒருவர்கூட 'புதிய காற்'றைச் சொல்லவில்லை. அதிபரும் சொல்லவில்லை. இதைப் பின்னர் அவரிடமே கேட்டேன். "அது எங்க படம் சேர். அதுக்காக அத உலகத்துல சிறந்த படம்னு சொன்னா நம்மள நாமே ஏமாத்துறதா ஆயிரும்" என்றார். நேர்மையான பதில். இலங்கைத் தமிழ்ச் சினிமா கோடம்பாக்கத்தின் நிழலில் வளர்ந்தது. 1947இல் வந்த முதலாவது சிங்களப் பேசும்படமே மதுரையில் தயாரானதுதான். அந்த ஸ்டூடியோ வழக்கத்தை உடைத்து, 1956இல் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவை வெளியே கிராமத்துக்குக் கொண்டுபோன லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் போல ஒருவர் இலங்கைத் தமிழ்ப் படவுலகுக்கு வாய்க்கவில்லை. சொந்த மனிதர் எடுத்தது என்பதால் ஒரு படம் பெரிதாகிவிடாது. நோக்கம் நல்லது என்பது கலைக்குப் போதுமான சாட்சியுமல்ல.

இதற்கு நேர் எதிரான உதாரணம் பாலாவின் 'பரதேசி'. 2013இல் வந்த படம். பி.எச். டானியலின் 'ரெட் டீ' நாவலைத் தழுவியது. தமிழில் 'எரியும் பனிக்காடு'. கதை நடப்பது ஆனைமலையில் என்றாலும், கங்காணியின் வார்த்தையை நம்பி ஊரே நடந்துபோகும் காட்சியைப் பார்க்கும் மலையகத்தவர் எவரும் அதைத் தன் பாட்டனின் நடையாகத்தான் பார்ப்பார். அந்த நடையை அவ்வளவு வலியோடு காட்டிய வேறொரு தமிழ்ப் படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் நாவலை எழுதிய டானியல் ஒரு மருத்துவர். தொழிலாளர் பக்கம் நின்றவர். அவருடைய நாவலில் மருத்துவர் தொழிலாளரின் துயரை மாற்ற உழைக்கிறார். படத்துக்கு வந்தபோது அந்த மருத்துவர், கொள்ளை நோயின் நடுவே ஆடிப்பாடி மதம் மாற்றுபவராக ஆகிவிட்டார். படமாளிகையில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சிறுபான்மையைத் திரையில் கேலிப்பொருளாக்குவது எவ்வளவு எளிது என்பதை நம் சமூகம் அனுபவித்தே அறியும். ஒரு மக்களுக்கு நீதி செய்ய வந்த கமரா, அதே படத்தில் இன்னொரு மக்களுக்கு அநீதி செய்யவும் முடிகிறது.

இதைச் சொன்னபோது கணினிக்கடைத் தம்பி குறுக்கிட்டார். "சேர், நீங்க கலைய விட்டுட்டு ஒழுக்கத்தப் பேசுறீங்க. நல்ல மனுசன் வேற, நல்ல நெறியாளர் வேற." அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நான் கேட்பது நெறியாளரின் சொந்த வாழ்க்கையை அல்ல. அவர் கமராவை வைத்த இடத்தை. அது முழுக்க முழுக்கக் கலையைச் சேர்ந்த விடயம். ஜப்பானின் யசுஜிரோ ஓசு, பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண் உயரத்துக்குக் கமராவைத் தாழ்த்தினார். 1953இல் வந்த அவரது 'டோக்கியோ கதை'யில் பிள்ளைகளால் கவனிக்கப்படாத கிழவனையும் கிழவியையும் நாம் மேலிருந்து பார்த்து இரங்குவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். அது உத்தியா, ஒழுக்கமா? இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை.

நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த முஸ்தபா அக்காதின் 'த மெசேஜ்' இதற்கு இன்னொரு சாட்சி. 1976இல் வந்த அந்தப் படத்தில் நபிகளாரின் உருவமோ குரலோ இல்லை. அவர்கள் நிற்கவேண்டிய இடத்தில் கமரா நிற்க, மற்றவர்கள் அதைப் பார்த்துப் பேசுகிறார்கள். காட்டக்கூடாததை அறிந்து, அந்த மறுப்பிலிருந்தே ஒரு வடிவத்தை உண்டாக்கினார் அக்காத். 2005இல் அம்மான் நகர ஹோட்டல்களில் நடந்த குண்டுவெடிப்பு அவரையும் அவர் மகளையும் பலிகொண்டது. அவரை உலகின் சிறந்த நெறியாளர் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் கமரா எங்கே போகக்கூடாது என்பதும் நெறியாள்கையின் ஒரு பகுதி என்பதை அவரிடமிருந்துதான் முதலில் கற்றேன்.

*

இனி, நான் ஏன் கியாரோஸ்தமி என்றேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

1987இல் அவர் 'நண்பனின் வீடு எங்கே' என்ற படத்தை எடுத்தார். வட ஈரானில் கோக்கர் என்ற கிராமம். தன் வகுப்பு நண்பனின் கொப்பியைத் தவறுதலாகக் கொண்டுவந்துவிட்ட ஒரு சிறுவன், அதைத் திருப்பிக் கொடுப்பதற்காக மலைப்பாதையில் ஓடுகிறான். நடித்தவர்கள் அந்தப் பகுதியின் சாதாரண மனிதர்கள். 1990 ஜூனில் அந்தப் பிரதேசத்தைப் பூமியதிர்ச்சி அழித்தது. பல்லாயிரம் பேர் மாண்டார்கள். செய்தி கேட்ட கியாரோஸ்தமி தன் மகனையும் ஏற்றிக்கொண்டு, படத்தில் நடித்த பிள்ளைகள் உயிரோடிருக்கிறார்களா என்று தேடிப் போனார். பின்பு அந்தத் தேடலையே 1992இல் 'வாழ்க்கை தொடர்கிறது' என்று படமாக்கினார்.

அதன் கடைசிக் காட்சியில் ஒரு பழைய கார் செங்குத்தான மலைப்பாதையில் ஏற முயன்று பின்னால் சறுக்குகிறது. எரிவாயுச் சிலிண்டரைத் தோளில் சுமந்து நடந்துவரும் ஒருவர் அதைத் தள்ளிக்கொடுக்கிறார். கார் மறுபடி முயன்று ஏறுகிறது. போகும் வழியில் அந்த மனிதரையும் ஏற்றிக்கொள்கிறது. கமரா வெகு தொலைவில் நிற்கிறது. பிள்ளைகளைக் கண்டாரா இல்லையா என்பதைப் படம் சொல்லவில்லை. தோட்டப் பாதைகளில் லொறி தள்ளிய நமக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை.

இங்கே கமரா தூரத்திலிருந்துதான் பார்க்கிறது. பசில் ரைட்டும் தூரத்திலிருந்துதான் பார்த்தார். நானும் 1981இல் தூரத்தில்தான் நின்றேன். வித்தியாசம் தூரத்தில் இல்லை. கியாரோஸ்தமி திரும்பிப் போனவர். படமெடுத்த மனிதர்களுக்குத் தான் கடன்பட்டவர் என்று நினைத்தவர். அந்த நினைப்பு அவருடைய படத்தின் வடிவமாகவே மாறியது.

இதையும் மிகைப்படுத்தக் கூடாது. 1990இல் வந்த 'குளோஸ் அப்' படத்தில், தன்னை ஒரு பிரபல நெறியாளர் என்று சொல்லி ஒரு குடும்பத்தை ஏமாற்றிய ஹுசைன் சப்சியான் என்ற ஏழையை, அவராகவே நடிக்க வைத்தார் கியாரோஸ்தமி. படம் உலகப் புகழ் பெற்றது. சப்சியான் 2006இல் இறக்கும்வரை ஏழையாகவே இருந்தார். திரும்பிப் போவதால் கடன் தீர்ந்துவிடுவதில்லை. கடன் இருக்கிறது என்பதாவது தெரியவரும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. அன்றும் அடுத்த நாட்களிலும் எங்கள் மாவட்டத்துக்கு வந்த அளவு கமராக்களை நான் ஒருபோதும் கண்டதில்லை. அழுகிற முகங்களுக்கு மிக அருகே அவை நின்றன. சில வாரங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. முகாமில் இருந்தவர்கள் முகாமில் இருந்தார்கள். அருகில் நிற்பது மட்டும் அன்பாகிவிடாது என்பதை அங்கே பார்த்தேன்.

*

வாப்பா எங்களைப் படமாளிகைக்கு விடாததற்கு ஒரு ஹதீஸைச் சொல்வார். உருவங்களைச் சமைத்தவர்களிடம் மறுமையில், நீங்கள் படைத்தவற்றுக்கு உயிர் கொடுங்கள் என்று சொல்லப்படும் என்பது அதன் கருத்து. அதன் சட்ட விளக்கங்களுக்குள் நான் புகவில்லை. அது உலமாக்களின் துறை. சின்ன வயதில் அது எனக்குப் பயத்தைத் தந்தது. வயதான பிறகு வேறொன்றைத் தருகிறது. ஒருவரின் உருவத்தை எடுத்துக்கொண்டவன், அந்த உருவத்தில் உயிர் இருந்ததா என்று கேட்கப்படுவான் என்பதைவிடக் கடுமையான திரைப்பட விமர்சனத்தை நான் எங்கும் படித்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் என் மகள் இணையத்தில் எதையோ தேடும்போது அந்தப் பழைய படம் கிடைத்தது. முழுப்படம் இருபது நிமிடம். எங்கள் தோட்டம் வருவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. நமுனுகுல அழகாகத் தெரிகிறது. அந்த அம்மா சிரிக்கிறார்.

தொலைபேசியில் அதை இறக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அவர் இறந்து பல வருடங்களாகிவிட்டன. மகன் இருந்தார், அவருக்கே அறுபது வயதிருக்கும். இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்தோம். பேரப்பிள்ளைகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். அவர் முதல் முறை பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. மறுபடி போடச் சொன்னார்.

"எங்கம்மா இப்படிச் சிரிக்க மாட்டாங்களே சேர்."

நான்தான் சிரிக்கச் சொன்னேன் என்றேன். படங்குச் சாக்கை அவிழ்க்கச் சொன்னதையும் சொன்னேன். செடியில் கொழுந்து இல்லாததையும், அனுப்பிவைப்பார்கள் என்று பொய் சொன்னதையும் சொன்னேன். முப்பத்தெட்டு வருடமாக வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

அவர் மூன்றாம் தடவையும் பார்த்தார். பிறகு விரலால் திரையைத் தொட்டுக் காட்டினார்.

"பரவாயில்ல. இந்தக் கை எங்கம்மா கைதான். இந்தக் கைய யாரும் சொல்லிக் குடுக்க முடியாது."

உண்மை. வெறுஞ்செடி என்றாலும் அந்த விரல்கள் பழக்கத்தில் ஓடுகின்றன: இரண்டு இலையும் மொட்டும் இருக்கவேண்டிய இடத்தை அவை தேடுகின்றன. கமராவை நிறுத்தியவரும் அதைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற நானும் பார்க்கவில்லை. அந்தப் படத்தில் உயிரோடிருப்பது அது ஒன்றுதான். அதை நெறிப்படுத்தியது நாங்கள் யாருமல்ல.

அதிபரிடம் இதைச் சொல்லிவிட்டு, உங்கள் கேள்விக்கு இன்னும் என்னிடம் சரியான பதில் இல்லை என்றேன். உலகின் சிறந்த நெறியாளர் யார் என்று அடுத்த முறை பசார் வீதியில் யாராவது கேட்டால் நான் கியாரோஸ்தமி என்றுதான் சொல்வேன், நானா ரே என்பார், சண்டையும் நடக்கும். அது நல்ல சண்டை, நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கைகளைக் கண்டுகொண்டிருக்கக்கூடியவர் யார் என்று இனி முதலில் கேட்டுக்கொள்வேன். அன்று அந்த வீட்டிலிருந்து புறப்படும்போது அவருடைய பேத்தி அந்தத் துண்டுப் படத்தைத் தன் தொலைபேசிக்கு அனுப்பச் சொன்னாள். அனுப்பினேன். முப்பத்தெட்டு வருடம் பிந்தி அந்தப் படம் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.